பெரிய கடை வரும் முன் சாலையில் நின்று எண்ணினோம்

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துச் சந்திப்பில் பல வருடங்களாகக் காலியாகக் கிடந்த நிலத்தின் வேலியில் ஒருநாள் காலை அறிவிப்புப் பலகை தொங்கியது. ஒன்றரை லட்சம் சதுர அடியில் பெரிய சில்லறை விற்பனைக் கடை, அதற்கு ஏற்ற வாகன நிறுத்தம், கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். அன்று மாலையே இருபது பேர் கூடிவிட்டோம். எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "டிராஃபிக் தாங்காது."

உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் பேசினார். "தாங்காது என்று இருபது பேர் எழுதினால் கோப்பில் இருபது தாள் கூடும், அவ்வளவுதான். எந்தச் சந்திப்பில், எந்தத் திருப்பத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை வண்டி என்று ஒரே ஒருவர் எழுதினாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்." அடுத்த ஐந்து மாதம் நாங்கள் செய்த எல்லாமே அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். இதுபோன்ற அறிவிப்பு உங்கள் தெருமுனையில் தொங்கும் நாள் வரலாம் என்பதால் நாங்கள் கற்றதை எழுதி வைக்கிறேன்.

முதலில் போக்குவரத்துத் தாக்க ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கினோம். பெரிய கட்டடம் எதற்கும் விண்ணப்பதாரர் இப்படி ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று பல உள்ளாட்சிகளில் விதி இருக்கிறது. உச்ச நேரத்தின் ஒரு மணியில் புதிதாக 100 பயணங்களுக்கு மேல் வரும் என்றால் ஆய்வு தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அறிக்கை பொதுப் பதிவு என்பதால் யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கையில் வந்தது இருநூறு பக்கம். முதல் நாற்பது பக்கத்தில் வண்ணப் படங்களும் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்ற முடிவும் இருந்தன. மீதி எல்லாம் பின்னிணைப்பு, வெறும் எண்கள்.

பின்னிணைப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும். முடிவுரையில் உள்ள எல்லாமே எங்கோ ஒரு நாள் சந்திப்பில் நின்று யாரோ எடுத்த எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது. அந்தத் தாளில் தேதி இருக்கும், கிழமை இருக்கும், நேரம் இருக்கும். எங்கள் அறிக்கையில் தேதியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஆசிரியை காலண்டரை எடுத்து வந்தார். அந்த வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை. சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. மாலையில் அங்கிருந்து கிளம்பும் பேருந்துகளும், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் வண்டிகளும் அந்தக் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. செவ்வாயும் புதனும் மாலை 4 முதல் 6 வரை மட்டும் எண்ணியிருந்தார்கள். அலுவலகக் கட்டடம் என்றால் அது சரி. சாதாரண வேலைநாளின் மாலை நெரிசலைப் பிடிக்க வாரத்தின் நடுவில் எண்ணுவதுதான் வழக்கமும்கூட. ஆனால் கடைக்கு ஆட்கள் குவிவது சனிக்கிழமை நண்பகலை ஒட்டிய மணிநேரங்களில். கடை வரப்போகிறது என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் வரும் நேரத்தை எண்ணாமல் விட்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, வழக்கமான பழக்கத்தில் செய்தார்களா என்ற பேச்சுக்கே நாங்கள் போகவில்லை. போகவும் கூடாது என்பேன். நோக்கத்தைக் குற்றம் சொன்னால் கூட்டம் சண்டையாகும். தேதியைச் சுட்டிக்காட்டினால் மறு எண்ணிக்கை கிடைக்கும்.

சரி, நாமே எண்ணிப் பார்ப்போம் என்று இறங்கினோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செலவில்லாமல் யாராலும் செய்ய முடிகிற வேலை இது. நான்கு பக்கச் சாலைக்கு நான்கு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை, அதில் 15 நிமிடத்துக்கு ஒரு தாள். தாளில் மூன்று கட்டம்: நேராகப் போவது, இடது, வலது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரு சக்கர வண்டி, கார், பேருந்து, லாரி என்று தனித்தனி வரி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் பிறகு கூட்டுவது எளிது. ஐந்தாவது ஆள் நடப்பவர்களையும் சைக்கிளையும் மட்டும் எண்ணினார். பதினைந்து நிமிடம் முடிந்ததும் விசில், உடனே தாள் மாற்ற வேண்டும். ஒரு மணிக்கு ஒரே தாள் என்று வைத்தால் பெரிய தவறாகிவிடும். நெரிசல் அறுபது நிமிடமும் ஒரே சீராக இருப்பதில்லை, ஒரு கால் மணியில் வந்து முட்டும். பொறியாளர்கள் அந்தக் கால் மணியைத்தான் தேடுவார்கள்.

முதல் நாள் எண்ணிக்கையைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஒருவர் நின்ற இடத்தில் பேருந்து நிறுத்தம், பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பக்கத் திருப்பம் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை மாடி வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய பால்கனியில் ஒரு கைபேசியைக் கட்டி வீடியோவும் எடுத்தோம். சந்தேகம் வந்த இடத்தில் வீடியோவைப் பார்த்துத் திருத்திக்கொண்டோம். பள்ளி நடக்கும் வாரத்தில் இரண்டு மாலை, சனிக்கிழமைகளில் மூன்று நண்பகல். வெயிலும் புகையும் தலையை வலிக்க வைத்தது உண்மைதான். ஆனால் மூன்றாவது சனிக்கிழமை முடிந்தபோது அந்தச் சந்திப்பைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் கடைக்கு ஒப்புதல் தருவதை முடிவு செய்யும் உள்ளாட்சிக் குழுவின் பொது விசாரணை மண்டபத்தில் யாரும் இருக்கப்போவதில்லை என்ற தெம்பு வந்துவிட்டது.

அந்தத் தாள்களை உள்ளாட்சியின் போக்குவரத்துப் பொறியாளரிடம் கொடுத்தோம். "உங்கள் எண்ணிக்கையை நான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் இதைப் பார்த்த பிறகு அவர்களுடையதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது" என்றார் அந்த அம்மா. மறு எண்ணிக்கைக்கு உத்தரவானது. ஆறு வாரம் கழித்து வந்த புதிய எண்கள் எங்களுடையதை ஒட்டியே இருந்தன.

அடுத்த கேள்வி: கடை வந்தால் எத்தனை வண்டி கூடும்? இதை யாரும் ஜோசியம் பார்த்துச் சொல்வதில்லை, கையேடு இருக்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிரான்ஸ்போர்டேஷன் இன்ஜினியர்ஸ் என்ற அமைப்பு, ஏற்கெனவே இயங்கும் கட்டடங்களின் வாசலில் எண்ணி, எந்த வகைக் கட்டடத்துக்கு எவ்வளவு பயணம் என்று தொகுத்திருக்கிறது. முதல் பதிப்பு 1976, பதினோராவது பதிப்பு 2021. பிரிட்டனில் டிரிக்ஸ் என்ற தரவுத்தளம் இதே வேலையைச் செய்கிறது. மளிகையும் மற்ற பொருள்களும் ஒரே கூரையின் கீழ் விற்கும் தனிப் பெருங்கடைக்கு அந்த அமெரிக்கக் கையேடு மாலை உச்ச நேரத்தில் ஆயிரம் சதுர அடிக்கு நான்குக்குச் சற்று மேல் என்கிறது. ஒன்றரை லட்சம் சதுர அடிக்குப் பெருக்கினால் ஒரு மணிக்குச் சுமார் 650. இங்கே ஒரு விஷயம், நாங்களும் முதலில் குழம்பினோம்: உள்ளே வருவது ஒரு பயணம், வெளியே போவது இன்னொன்று. ஆகவே 650 என்பது 650 வாடிக்கையாளர்கள் இல்லை, ஏறக்குறைய அதில் பாதி. கூட்டத்தில் இதைத் தப்பாகச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

எந்த வகைக் கடை என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதே கையேட்டில் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஃபர்னிச்சர் கடைக்கு ஒன்றுக்கும் குறைவு. விண்ணப்பத்தில் ஒரு வகை, ஆய்வில் வேறு வகை என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். எங்களுடையதில் வகை சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பின்னாளில் பயன்பாடு மாறினால் ஆய்வும் புதிதாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை கேட்டு வாங்கினோம்.

பெரிய வாதம் நடந்தது வேறோர் இடத்தில். அந்த 650-லிருந்து ஒரு பகுதியை அறிக்கை கழித்திருந்தது. ஏற்கெனவே அந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பவர் வழியில் கடைக்குள் நுழைந்துவிட்டுப் போகிறார், அவர் புதிய வண்டி இல்லையே என்பது அதற்கான காரணம். நியாயமான காரணம்தான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நாமும் அப்படித்தான் கடைக்குள் போகிறோம். ஆனால் இரண்டு கேள்வி உண்டு. எத்தனை விழுக்காடு கழித்தார்கள்? இந்த வகைக் கடைக்கு வெளியான அளவீடுகளின் சராசரி முப்பதை ஒட்டி இருக்கும்போது ஐம்பது என்று போட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும். இரண்டாவது, எங்கே கழித்தார்கள்? சாலையில் அவர் பழைய வண்டிதான், ஆனால் கடையின் வாசலில் அவர் புதிய வண்டி. நேராகப் போக வேண்டியவர் இப்போது வேகம் குறைத்து உள்ளே திரும்புகிறார், மறுபடி வெளியே வந்து ஓட்டத்தில் கலக்கிறார். எங்கள் அறிக்கையில் வாசலின் கணக்கிலும் கழித்திருந்தார்கள். அதைப் பொறியாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.

இதே நேரத்தில் ஒப்புதல் பெற்றும் இன்னும் கட்டப்படாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு அந்தச் சாலையிலேயே இருந்தது. கடை திறக்கும் வருடத்தில் அதில் குடியேறியிருப்பார்கள். அந்த வண்டிகள் அறிக்கையில் இல்லை. உள்ளாட்சியின் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டியபோது இது கிடைத்தது. ஒரு மணி நேர வேலை.

இப்போது அறிக்கை சந்திப்புகளுக்குத் தரமாகப் போடும் எழுத்துகளுக்கு வருகிறேன். அறிக்கையின் அட்டவணைகளில் ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்தில் ஏ, பி, சி என்று எஃப் வரை ஓர் எழுத்து இருக்கும். பார்த்தால் பரீட்சை மதிப்பெண் மாதிரி. அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965 பதிப்பில் வந்த முறை இது, பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு வண்டியின் சராசரிக் காத்திருப்பு 10 விநாடிக்குள் என்றால் ஏ. 35 முதல் 55 விநாடி காத்தால் டி. 80 விநாடியைத் தாண்டினால் எஃப். சிக்னல் இல்லாத இடத்தில் 50 விநாடியைத் தாண்டினாலே எஃப், ஏனென்றால் அங்கே காத்து அலுத்தவர் கிடைத்த சின்ன இடைவெளியில் பாய்ந்துவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது 'சராசரி' என்ற வார்த்தை. எங்கள் சந்திப்புக்கு மொத்தமாக 'சி' போட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னிணைப்பில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனியாகப் பார்த்தால், கடைப் பக்கம் போக எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட்டுத் திரும்பும் பாதைக்கு எஃப். நேராகப் போகும் ஆயிரம் வண்டி சீக்கிரம் போய்விடுவதால் திரும்பும் நூறு வண்டியின் காத்திருப்பு சராசரியில் கரைந்துவிடுகிறது. முடிவுரையில் இருந்த எழுத்து பொய் இல்லை, ஆனால் நாங்கள் தினமும் நின்று தவிக்கும் இடம் அந்த எழுத்தில் இல்லை.

காத்திருப்பைவிட வரிசை முக்கியம் என்பதை எங்களுக்குக் காட்டியது அந்தத் திருப்பப் பாதைதான். நான் அளந்தபோது அதன் நீளம் சுமார் 60 மீட்டர். ஒரு காருக்கு இடைவெளியோடு சேர்த்து ஏழரை மீட்டர் என்று வைத்தால் எட்டு கார் நிற்கலாம். கடை வந்த பிறகு நெரிசல் நேரத்தில் வரிசை பதின்மூன்று வண்டி வரை நீளும் என்று அவர்களுடைய கணினி முடிவிலேயே இருந்தது. பிறகு மீதி ஐந்து கார் எங்கே நிற்கும்? நேராகப் போகும் பாதையில். அந்தப் பாதை அடைபட்டால் பின்னால் வரும் பேருந்தும் நிற்கும், நேராகப் போகும் பாதைக்குப் போட்ட நல்ல எழுத்தும் செல்லாது. எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள இந்த வித்தியாசம் அறிக்கையில் இருபது பக்க இடைவெளியில் இரண்டு அட்டவணைகளில் இருந்தது. ஒரே தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எட்டு கட்டமும் ஐந்து சிவப்புக் கட்டமும் வரைந்து குழு உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். மொத்த விசாரணையில் அவர்கள் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்த தாள் அதுதான்.

இன்னும் பத்து விழுக்காடு வண்டிதானே என்று விண்ணப்பதாரர் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. சாலை பாதி காலியாக இருக்கும்போது பத்து விழுக்காடு கூடினால் யாருக்கும் தெரியாது. கொள்ளளவின் விளிம்பில் இருக்கும்போது அதே பத்து கூடினால் ஒரு சிக்னல் சுற்றில் போகாமல் மிஞ்சும் வண்டி அடுத்த சுற்றில் சேரும், அதில் மிஞ்சுவது அதற்கடுத்ததில். இதை விளக்கப் பொறியாளர் வாளியையும் குழாயையும் உதாரணம் சொன்னார்: வாளி நிறையும்வரை சத்தமில்லை, நிறைந்த பிறகு வருவது எல்லாம் வழியத்தான் செய்யும்.

அறிக்கையில் நடப்பவர்களுக்கு ஒதுக்கியது அரைப் பக்கம். "நடைபாதை உள்ளது, கடக்கும் வசதி உள்ளது." எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த அரைப் பக்கத்தைப் படித்தபோதுதான். நாங்கள் எண்ணிய ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெரியம்மா கைத்தடியோடு சாலையைக் கடக்க வந்தார். நான் கடிகாரத்தை அழுத்தினேன். பச்சை ஆள் எரிந்தது, இறங்கினார். சாலை அகலம் 18 மீட்டர். எட்டாவது விநாடியில் மூன்றாவது பாதையின் கோட்டைக்கூட அவர் எட்டவில்லை. பதினாறாவது விநாடியில் சிவப்பு விழுந்தபோது அவர் நான்காவது பாதையின் நடுவில். முன்வரிசைக் காரின் எஞ்சின் உறுமியது. அவர் ஒரு கையைக் காரைப் பார்த்து உயர்த்திக்கொண்டே நடந்தார். இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது 23 விநாடி. "தினமும் இப்படித்தான் தம்பி, கையைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள்" என்றார்.

விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 18 மீட்டருக்கு 15 விநாடி போதும். அந்தப் பழைய கணக்கில்தான் எங்கள் சிக்னல் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சிக்னல் விதிநூல் 2009 பதிப்பில் இந்த வேகத்தை விநாடிக்கு 4 அடியிலிருந்து (அதுதான் அந்த 1.2 மீட்டர்) 3.5 அடியாகக் குறைத்தது. முதியவர்கள் அதிகம் கடக்கும் இடத்தில் இன்னும் குறைவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் வழிகாட்டுகிறது. நடப்பவர்களுக்கு நேரம் கூட்டினால் வண்டிகளுக்கான பச்சை குறையும், ஆகவே அறிக்கையின் எல்லா எழுத்தும் மாறும். அதனால்தான் இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். கடைசியில் கேட்டால் "கணக்கு முடிந்துவிட்டது" என்பார்கள்.

சரக்கு லாரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றைக் கேளுங்கள். நீளமான லாரி வாசலில் திரும்பும்போது சக்கரம் எங்கே ஏறும் என்ற வரைபடம் இருக்கிறதா? வாயிற்கதவு திறக்கும் முன் வந்த லாரி எங்கே நிற்கும்? எத்தனை மணிக்கு இறக்குவார்கள்? இரண்டாவது கேள்விக்கு அறிக்கையில் பதில் இல்லை. பதில் இல்லாத லாரி எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் நிற்கும்.

வாசல்களின் எண்ணிக்கையையும் விடாதீர்கள். நான்கு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32. மூன்று சாலை கூடும் இடத்தில் 9. ஒற்றைப் பாதை ரவுண்டானாவில் 8. எங்கள் திட்டத்தில் சந்திப்பை ஒட்டியே ஒரு வாசல், எதிரே இருந்த தெருவோடு சேர்ந்து புதிய நான்கு முனையை உண்டாக்கியது. நடுவில் தடுப்பு வைத்து, வெளியே போகும் வண்டி ஒரு பக்கம் மட்டும் திரும்பலாம் என்று ஆக்கினால் அந்த 32-இல் பெரும்பகுதி போய்விடும். இது கட்டடத்தை மாற்றாத, செலவும் குறைந்த திருத்தம். விண்ணப்பதாரரே உடனே ஒப்புக்கொண்டார். எல்லாக் கோரிக்கையும் போராட்டம் ஆகாது என்று அன்று தெரிந்தது.

பொது விசாரணையில் ஒருவருக்கு மூன்று நிமிடம். எங்களில் பன்னிரண்டு பேர் பேசப் பெயர் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் குழுவுக்கு அது ஒரு கருத்துதான். ஆளுக்கு ஒரு பொருள் என்று பிரித்துக்கொண்டோம்: ஒருவருக்குத் திருப்பப் பாதை, ஒருவருக்கு லாரி, ஆசிரியைக்குப் பள்ளி நேரம். பெரியம்மா தன் கடக்கும் நேரத்தைத் தானே சொன்னார். சின்னக் கடைகள் நசிந்துபோகும் என்று பேச விரும்பியவரிடம் நாங்கள் கெஞ்சித்தான் நிறுத்தினோம். அவர் கவலை பொய்யில்லை. ஆனால் போக்குவரத்து விசாரணையில் வியாபாரப் போட்டியைப் பேசினால், இவர்களுக்கு உண்மையான குறை கடையின் மேல்தான், சாலை ஒரு சாக்கு என்ற எண்ணம் விழுந்துவிடும்.

குழு உறுப்பினர்களின் கையும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்று மறுக்க அவர்களால் முடியாது. இங்கிலாந்தில் 2012-இல் வந்த தேசியத் திட்டக் கொள்கை, திருத்தங்களுக்குப் பிறகும் மிஞ்சும் மொத்தப் பாதிப்பு 'கடுமையானது' என்றால் மட்டுமே போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம் என்றது. அமெரிக்காவில் டைகார்ட் என்ற நகரம் ஒரு கடையை விரிவாக்க அனுமதிக்கும்போது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பாதை போட நிலம் கேட்டது. விரிவாக்கத்தால் நாளுக்கு 435 பயணம் கூடும் என்று நகரம் கணக்கிட்டிருந்தது. ஆனால் அந்தப் பாதை அதில் எதையாவது குறைக்கும் என்று காட்டவில்லை, குறைக்கக்கூடும் என்று மட்டும் சொன்னது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கேட்பதற்கும் பாதிப்புக்கும் ஓரளவு பொருத்தமான அளவு இருக்க வேண்டும், அதை நகரம்தான் நிறுவ வேண்டும் என்றது. எங்கள் பொறியாளர் இந்த வழக்கைச் சொல்லித்தான், "நீங்கள் எண்ணிக் கொடுப்பது எனக்கு எதற்குத் தேவை என்று புரிகிறதா?" என்று கேட்டார். நல்ல எண்ணமுள்ள குழுவுக்குக்கூடக் கையில் எண் இல்லாவிட்டால் நிபந்தனை நிற்காது.

வண்டி காத்திருக்கும் நேரத்தை மட்டுமே அளந்தால் போதுமா என்ற கேள்வியும் எங்களுக்குள் எழுந்தது. கலிஃபோர்னியா 2013-இல் ஒரு சட்டம் இயற்றி, 2020 ஜூலை முதல் சுற்றுச்சூழல் ஆய்வில் காத்திருப்பு நேரத்துக்குப் பதிலாக மொத்த வாகனப் பயணத் தூரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டது. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. காத்திருப்பை மட்டும் பார்த்தால் தீர்வு எப்போதும் சாலையை அகலமாக்குவதில் போய் முடியும், பெரியம்மாவுக்கு 18 மீட்டர் 22 ஆகும். எங்கள் விதிகள் அந்தப் பக்கம் இன்னும் திரும்பவில்லை, ஆகவே இருக்கிற விதிக்குள் பேசினோம்.

கடைசியாக நிபந்தனைகள். இங்கேதான் பலர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், நாங்களும் கிட்டத்தட்ட விட்டோம். முதல் வரைவில் "விண்ணப்பதாரர் திருப்பப் பாதையை மேம்படுத்த ஒத்துழைப்பார்" என்று இருந்தது. ஒத்துழைப்பார் என்றால் என்ன, எவ்வளவு, எப்போது? இரண்டு வாரம் எழுதி எழுதி அனுப்பினோம். முடிவில் வந்த வாசகம்: திருப்பப் பாதை குறைந்தது 100 மீட்டருக்கு நீட்டப்பட வேண்டும், அந்த வேலை முடிந்து உள்ளாட்சி சான்றளிக்கும்வரை கடைக்குத் திறப்பு அனுமதி கிடையாது. நடப்பவர் நேரம் 24 விநாடி. லாரி நேரம் எழுத்தில், காத்திருக்கும் இடம் கடை வளாகத்துக்குள். திறந்த ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும், பள்ளி நடக்கும் வாரத்தில், சனிக்கிழமை உட்பட, மறுபடி எண்ண வேண்டும். எண்ணுபவரை உள்ளாட்சி நியமிக்கும், பணம் விண்ணப்பதாரர் தருவார். வரிசை மீண்டும் வழிந்தால் சரிசெய்ய வங்கி உத்தரவாதம். 'திறக்கும் முன்' என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் அதிகம் போராடினோம். திறந்த பிறகு என்று இருக்கும் வாக்குறுதிக்குப் பின்னால் யாரும் அவசரப்படுவதில்லை.

கடைக்கு ஒப்புதல் கிடைத்தது. எங்களில் சிலருக்கு அது தோல்வியாகப் பட்டது, இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் வருத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நிலம் அந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய இடம் பல வருடம் முன் நடந்த நில வகைப்பாட்டுக் கூட்டம். அன்று எங்களில் ஒருவரும் அங்கே போகவில்லை.

ஆறாவது மாத எண்ணிக்கை போன மாதம் வந்தது. நாங்களும் அதே சனிக்கிழமை பழைய அட்டைகளோடு நின்றோம். திருப்பப் பாதையில் நீண்ட வரிசை பதினொரு வண்டி, பாதை பதின்மூன்று கொள்ளும். பெரியம்மா ஒரு விநாடி மிச்சம் வைத்துக் கடக்கிறார், கை உயர்த்துவதில்லை. லாரி வெளியே நிற்பதில்லை. ஆனால் பின்பக்கத் தெருவை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. சிக்னலைத் தவிர்க்க வண்டிகள் அந்தக் குறுகிய தெருவில் புகுந்து ஓடுகின்றன, மாலை ஐந்தே கால் முதல் ஐந்தரை வரை அதிகம். ஆய்வு எல்லைக்குள் அந்தத் தெரு இல்லை, எல்லையை முடிவு செய்யும் ஆரம்பக் கட்டத்தில் நாங்களும் கேட்கவில்லை. உங்கள் இடத்தில் அந்தக் கட்டம் இன்னும் முடியவில்லை என்றால் குறுக்குத் தெருக்களின் பெயரை இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தெருவில் இரண்டு மாலை எண்ணிவிட்டோம், மூன்றாவது இந்த வியாழக்கிழமை. குழுவின் அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் அது நான்காவது பொருளாக இருக்கிறது.